பக்கத்து வீட்டு இருட்டு

வீட்டுக்கு ஒரு சின்ன ஜெனரேட்டர் வாங்கலாம் என்று முடிவெடுத்தவர் முதலில் செய்ய வேண்டியது ஒரு தாளை எடுத்துப் பட்டியல் போடுவது. கரண்ட் இல்லாதபோது எதெல்லாம் ஓட வேண்டும், ஒவ்வொன்றும் எத்தனை வாட் இழுக்கும் என்று எழுத வேண்டும். எல்இடி பல்பு 9 வாட். பழைய சீலிங் ஃபேன் 75, புது பிஎல்டிசி ஃபேன் என்றால் 30. வைஃபை ரவுட்டர் 10. ஃபிரிட்ஜ் 150 முதல் 200 வரை. ஒன்றரை டன் ஏசி கிட்டத்தட்ட 1500. மோட்டார் வைத்த சாதனங்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஃபிரிட்ஜின் கம்ப்ரசரோ தண்ணீர் மோட்டாரோ கிளம்பும் அந்த ஒரு நொடியில் மட்டும் மூன்று நான்கு மடங்கு இழுக்கும். அதனால் பட்டியலில் இரண்டு பத்திகள் வேண்டும்: ஓடும் வாட், கிளம்பும் வாட். ஓடுவதையெல்லாம் கூட்டி, இருப்பதிலேயே பெரிய மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கூடுதலைச் சேர்த்தால், வாங்க வேண்டிய மெஷினின் அளவு கிடைத்துவிடும்.

கூட்டல் கழித்தல் அவ்வளவுதான். பத்தாம் வகுப்புப் பையன் போட்டுவிடுவான். ஆனால் பட்டியலின் தலைப்பில் 'அவசியமானவை' என்று எழுதுகிறோமே, அந்தச் சொல்லுக்குக் கணக்கில் விடை இல்லை. யாருக்கு அவசியம், யார் சொன்னது, எவ்வளவு நேரத்துக்கு என்று கேட்க ஆரம்பித்தால் கைக்குள் இருப்பது கடைப் பட்டியலாக இல்லாமல் அறக் கேள்வியாகிவிடுகிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தென்சென்னையில் எங்கள் பகுதியில் மூன்று நாட்கள் மின்சாரம் இல்லை. தெருவில் முழங்கால் தண்ணீர். அந்தத் தண்ணீரில் மின்சாரம் ஓடினால் ஆள் சாவான் என்பதால்தான் நிறுத்தி வைத்திருந்தார்கள். அதில் யாருக்கும் புகார் இருக்க முடியாது. எங்கள் அடுக்ககத்தில் எட்டு வீடுகள். பொதுவான ஜெனரேட்டர் கிடையாது. என் அப்பாவுக்கு நுரையீரல் பிரச்சினை. இரவில் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் வைத்துத்தான் தூங்குகிறார். அது 350 வாட் இழுக்கும். வீட்டில் இருக்கும் இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர் அவர் பேட்டரி அதை மூன்றரை மணி நேரம் தாங்கும். ராத்திரி பத்து மணிக்குப் போட்டால் ஒன்றரைக்கு நின்றுவிடும். எனவே ஜெனரேட்டர் வாங்குவது எனக்குத் தத்துவப் பொழுதுபோக்கு இல்லை.

புயல் முடிந்த வாரம் உட்கார்ந்து பட்டியல் போட்டேன். கான்சென்ட்ரேட்டர் முதலில். அடுத்து ரவுட்டர், லேப்டாப். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவனுக்கு அது சோறு. பிறகு ஃபிரிட்ஜ், இரண்டு ஃபேன், நான்கு விளக்கு. ஃபிரிட்ஜை யோசித்து அடித்துவிட்டேன். கதவைத் திறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும். அம்மாவின் இன்சுலின்கூடத் திறந்த பிறகு 30 டிகிரிக்குள் இருந்தால் சுமார் நான்கு வாரம் தாங்கும் வகைதான். டிசம்பரில் ஒரு மண்பானைக்குள் ஈரத்துணி சுற்றி வைத்தால் போதும். ஆக மொத்தம் ஒரு கிலோவாட் மெஷின். தூக்கிக்கொண்டு போகலாம். கச்சிதமான விடை.

அம்மா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "ஃபேன் இல்லாம ஒரு நாள் இருந்துடலாம்டா. மேல டேங்க்ல தண்ணி இல்லன்னா பாத்ரூம் எப்படிப் போறது? மோட்டார் எங்க இதுல?"

மோட்டார் அந்தப் பட்டியலில் வராததற்குக் காரணம் எளிது. அது எங்கள் வீட்டு மீட்டரில் இல்லை. எட்டு வீட்டுக்கும் பொதுவான இணைப்பில் இருக்கிறது. ஒரு குதிரைத்திறன் மோட்டார், ஓடும்போது ஆயிரம் வாட்டுக்கு மேல், கிளம்பும்போது அதைப்போல் மூன்று மடங்கு. அதைத் தாங்க 3 கிலோவாட்டுக்குக் குறையாத மெஷின் வேண்டும். எடை, விலை, சத்தம் எல்லாமே ஏறும்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது எல்லாம் அந்த மோட்டாரிலிருந்துதான் கிளம்புகிறது. ஒரு வீட்டின் ஆக அவசியமான பொருள் அந்த வீட்டுக்குள் இல்லை. நாம் 'வீட்டு ஜெனரேட்டர்' என்று சொல்கிறோம். ஆனால் வீடு என்பது நம் கதவோடு முடிகிற ஒன்றா? ஒரு கிலோவாட் வாங்கினால் ஒரு விடை, மூன்று கிலோவாட் வாங்கினால் வேறு விடை. மெஷினின் அளவைத் தேர்ந்தெடுக்கும்போதே யாரெல்லாம் நம்மவர் என்பதையும் தேர்ந்தெடுத்துவிடுகிறோம்.

*

மென்பொருள் துறையில் 'லோட் ஷெட்டிங்' என்று ஒரு வழக்கம் இருக்கிறது. மின்சாரக்காரர்களிடமிருந்து நாங்கள் கடன் வாங்கிய சொல். சர்வரால் தாங்க முடியாத அளவுக்கு வேண்டுகோள்கள் வந்து குவிந்தால், எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல முயன்று மொத்தமாக விழுவதைவிடச் சிலவற்றை வேண்டுமென்றே கைவிடுவது. எதைக் கைவிடுவது என்று யாரோ ஒருவர் முன்பே எழுதி வைத்திருப்பார். பணம் கட்டும் பக்கம் விழக்கூடாது. பரிந்துரை காட்டும் பக்கம் விழலாம். அந்த வரிசையைக் கோடாக எழுதும்போது அது வெறும் எண். யாருடைய வேண்டுகோள் விழுந்தது என்று எழுதியவருக்குத் தெரியாது. விழுந்தவருக்கும் ஏன் என்று தெரியாது.

2012-ல் தமிழ்நாட்டுக்கே அப்படி ஒரு வரிசை இருந்தது. மின்பற்றாக்குறை உச்சத்தில் இருந்த ஆண்டு. சென்னைக்கு ஒரு நாளில் இரண்டு மணி நேர வெட்டு. மற்ற மாவட்டங்களில் பல நாட்கள் பத்து மணி நேரத்தையும் தாண்டியது. கோவையின் சின்னப் பட்டறைகள் லேத்தைப் போடக் கரண்டுக்காகக் காத்துக் கிடந்தன. யாருடைய இருட்டு எவ்வளவு என்பதை ஊரின் பெயர் முடிவு செய்தது. நான் அப்போது தென்மாவட்டம் ஒன்றில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். ஹாஸ்டலில் பெரிய டீசல் ஜெனரேட்டர் இருந்தது. கரண்ட் போன பத்தாவது நொடியில் விளக்கு வந்துவிடும். மாடியில் நின்று பார்த்தால் சுற்றியிருக்கும் ஊர்கள் எல்லாம் கறுப்பாக இருக்கும். நாங்கள் மட்டும் கடலில் நிற்கும் கப்பல் மாதிரி. அந்த நான்கு வருடத்தில் மின்வெட்டைப் பற்றி எங்கள் ஹாஸ்டலிலிருந்து ஒரு மனு, ஒரு தந்தி, ஒரு போன்கூடப் போனதாக எனக்கு நினைவில்லை. ஐநூறு பேர், எல்லாருக்கும் எழுதத் தெரியும், பாதிப் பேர் எலக்ட்ரிகல் படிக்கிறவர்கள். எங்களுக்கு வெட்டே இல்லையே, எதற்கு எழுதுவது?

இதை ஒரு கோட்பாடாகச் சொன்னவர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன். 1970-ல் அவர் எழுதிய 'எக்ஸிட், வாய்ஸ், அண்ட் லாயல்டி' என்ற சிறிய புத்தகத்தின் விதை நைஜீரிய ரயில்வே. லாரிகள் போட்டிக்கு வந்துவிட்டன. போட்டி வந்தால் ரயில் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதுதான் பொருளாதாரப் பாடம். ஆனால் ரயில் மோசமாகிக்கொண்டே போனது. ஏன் என்று யோசித்த ஹிர்ஷ்மன் கண்டது இதுதான்: எந்த வாடிக்கையாளர் சத்தம் போட்டிருப்பாரோ, அவரே முதலில் லாரிக்கு மாறிவிட்டார். ரயிலிடம் மிஞ்சியவர்கள் வேறு வழியில்லாதவர்கள், குரலும் இல்லாதவர்கள். வெளியேறுவதற்கான கதவு திறந்திருந்தால், குரல் கொடுக்கக்கூடியவர்கள் அந்தக் கதவு வழியாகப் போய்விடுகிறார்கள்.

ஜெனரேட்டர் அப்படி ஒரு கதவு. இதில் ஒரு விசித்திரம், அதே நைஜீரியாவில்தான் ஆயிரம் வாட்டுக்கும் குறைவான ஒரு சின்னப் பெட்ரோல் ஜெனரேட்டருக்கு மக்கள் ஒரு செல்லப்பெயர் வைத்தார்கள். தமிழில் சொன்னால், 'பக்கத்து வீட்டுக்காரனைவிட நான் மேல்' என்று வரும். பெரிய மெஷின் வாங்க வசதியில்லாதவர்கள் வாங்குவது அது. கேலிதான்; ஆனால் கேலி செய்கிறவர்களுக்கு விஷயம் புரிந்திருக்கிறது. அந்தப் பெட்டி வெளிச்சத்தோடு சேர்த்து ஒரு ஏணிப்படியையும் விற்கிறது. பக்கத்து வீடு இருட்டாக இருந்தால்தான் அந்தப் படிக்கு மதிப்பு.

*

குரல் குறைவது கண்ணுக்குத் தெரியாத செலவு. தெரிந்த செலவுகளும் இருக்கின்றன. அவை எல்லாவற்றுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. வெளிச்சம் வீட்டுக்குள் வருகிறது, மற்றதெல்லாம் வெளியே போகிறது.

முதலில் சத்தம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது 2000-ம் ஆண்டு ஒலிமாசு விதிகளின் வரம்பு. மூடி இல்லாத சாதாரண 3 கேவிஏ பெட்ரோல் மெஷின் இருபத்தைந்தடி தள்ளி நின்று கேட்டாலே 65-ஐத் தாண்டும். பத்து டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர்கள் என்று ஒன்று உண்டு. தேவைக்கு ஏற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சத்தமும் பெட்ரோலும் மிச்சம், விலை மட்டும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இந்த விலை வித்தியாசத்தைக் கவனியுங்கள். மலிவான மெஷினின் குறைந்த விலையில் ஒரு பகுதியைக் கட்டுவது பக்கத்து வீட்டுக்காரர், தன் தூக்கத்தால்.

அடுத்தது புகை. பெட்ரோல் எஞ்சின் விடும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, தூக்கம், பிறகு எழுந்திருக்க முடியாது. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுதோறும் பல பேர் கையடக்க ஜெனரேட்டர் புகையால் இப்படிச் சாகிறார்கள் என்று அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. மழைக்குப் பயந்து வீட்டுக்குள்ளோ கராஜிலோ வைத்து ஓட்டியவர்கள் பலர். ஆணையம் சொல்லும் விதி எளிது. வீட்டுக்கு வெளியே, குறைந்தது இருபது அடி தள்ளி, புகைக்குழாய் எந்த ஜன்னலையும் பார்க்காத மாதிரி வைக்க வேண்டும்.

இருபது அடி. எங்கள் கட்டடத்துக்கும் அடுத்த கட்டடத்துக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது. எங்கள் பக்கம் ஐந்தடி, அவர்கள் பக்கம் ஐந்தடி, நடுவில் மதில். என் ஜன்னலிலிருந்து இருபது அடி தள்ளி வைத்தால் அது இன்னொருவர் ஜன்னலுக்கு மூன்றடியில் இருக்கும். தோட்டம் வைத்த தனி வீட்டுக்கு எழுதப்பட்ட விதி அது. நிலம் வைத்திருப்பவர் பாதுகாப்பாக ஜெனரேட்டர் ஓட்டலாம், நிலம் இல்லாதவர் அடுத்தவரின் காற்றில்தான் ஓட்ட வேண்டும்.

மூன்றாவது செலவைப் பலர் யோசிப்பதே இல்லை. மெயின் போர்டில் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடாமல், இரண்டு முனையிலும் பின் வைத்த ஒரு ஒயரைச் செய்து, ஜெனரேட்டரை நேராக வீட்டின் 15 ஆம்பியர் பிளக்கில் செருகிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வீடு முழுக்க எரியும். கூடவே கரண்ட் மீட்டரைத் தாண்டித் தெருக் கம்பிக்கும் போகும். தெரு முனையில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை வீட்டு அளவுக்கு இறக்கித் தருவது. மறுபக்கத்திலிருந்து கரண்ட் வந்தால் அதுவே ஏற்றியும் தரும். கம்பி எங்கோ அறுந்து, உங்கள் வீட்டோடு சேர்ந்த துண்டு தனியாகக் கிடக்கும் நேரத்தில் 230 வோல்ட் உள்ளே போய்ப் பல ஆயிரம் வோல்ட்டாக வெளியே வரும். அந்தக் கம்பியில் அப்போது கை வைத்திருப்பவர் யார்? லைன் ஆஃப் செய்துவிட்டதாக நம்பி மழையில் கம்பத்தில் ஏறிய லைன்மேன். அல்லது அவரோடு வந்த கேங்மேன், ஒப்பந்தத் தொழிலாளி. நமக்குக் கரண்ட் கொடுக்க வந்தவரை நம் வீட்டுக் கரண்டே கொல்லும். சேஞ்ச்ஓவர் சுவிட்சின் விலை மெஷின் விலையில் ஒரு சின்னப் பங்கு. அதைப் போட்டால் வீடு ஒரு நேரத்தில் ஒன்றோடுதான் இணையும்: தெருவோடு, அல்லது மெஷினோடு.

அந்த சுவிட்ச் எனக்குப் பிடித்த பொருள். அறம் என்பதை இவ்வளவு தெளிவாக இரும்பில் செய்து பார்த்ததில்லை. முகம் தெரியாத ஒரு ஆள் எங்கோ ஒரு கம்பத்தில் இருக்கலாம் என்ற நினைப்புக்காக மட்டுமே அது அங்கே இருக்கிறது. என் வெளிச்சத்தில் அது ஒரு வாட்கூடக் கூட்டுவதில்லை.

*

"அப்போ இன்வெர்ட்டர் பேட்டரியே போதுமே, புகையும் இல்லை சத்தமும் இல்லை" என்று நண்பர்கள் சொன்னார்கள். சில மணி நேர வெட்டுக்கு அது சரியான விடைதான். ஆனால் சத்தம் இல்லாததாலேயே ஒன்று குற்றமற்றது ஆகிவிடாது. ஈய-அமில பேட்டரியில் மின்சாரத்தை எடுத்து வைத்துத் திரும்ப எடுப்பதில் கால் பங்குக்கு மேல் வெப்பமாகப் போய்விடும். 2012 போன்ற பற்றாக்குறை காலத்தில் என்ன நடந்திருக்கும்? கரண்ட் வந்த அந்த ஒரு மணி நேரத்தில் இன்வெர்ட்டர் வைத்த வீடுகளெல்லாம் அப்போதைய தேவைக்கும் எடுக்கும், அடுத்த வெட்டுக்கும் சேர்த்து எடுக்கும், அதற்கு மேல் கால் பங்கை வீணாக்கும். பற்றாக்குறை இன்னும் கூடும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டின் இருட்டு கொஞ்சம் நீளும். ஜெனரேட்டரின் அநியாயம் சத்தம் போடுகிறது. யாராவது வந்து கதவைத் தட்டிச் சண்டை போடலாம். பேட்டரியின் அநியாயம் சுவரோரம் சின்னப் பச்சை விளக்கோடு அமைதியாக உட்கார்ந்திருக்கிறது.

எதிர்வாதம் ஒன்றையும் கேட்டாக வேண்டும். இதெல்லாம் சரி, உன் அப்பாவுக்கு ராத்திரி ஒன்றரை மணிக்கு மூச்சு முட்டும்போது ஹிர்ஷ்மன் வருவாரா? வரமாட்டார். அரசைத் திருத்துவது ஆண்டுகளில் நடக்கும் வேலை. மூச்சு நிமிடங்களில் நடக்கும் வேலை. பொதுச் சேவை ஒருநாள் சரியாகும் என்பதற்காக இன்று ஒரு கிழவரைப் பணயம் வைக்க யாருக்கும் உரிமையில்லை, அவருடைய மகனுக்குச் சுத்தமாக இல்லை. எல்லாரையும் சமமாகப் பார்க்கச் சொல்லும் அறம்கூட, தன் அப்பாவை முதலில் பார்க்கிற மகனைக் குற்றவாளியாக்க முடியாது. நான் இதில் உறுதியாக இருக்கிறேன். தேவை உண்மையாக இருந்தால் கதவைத் திறந்து வெளியே போகலாம்.

ஆனால் இந்த வாதம் எவ்வளவு தூரம் செல்லும்? அது 350 வாட்டை நியாயப்படுத்துகிறது. ஏசியை நியாயப்படுத்தவில்லை. அப்பாவின் மூச்சைக் காட்டி மூன்று கிலோவாட் வாங்கி, மீதியில் படம் பார்ப்பது எளிது. உண்மையான தேவை ஒன்று முன்னால் நடந்தால், அதன் பின்னால் வசதிகள் வரிசையாக ஒளிந்து வந்துவிடும். பட்டியலின் ஒவ்வொரு வரியும் தன் சொந்தக் காலில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. இன்னொன்று, இந்த வாதம் என்னை வெளியே போக அனுமதிக்கிறது. போன பிறகு திரும்பிப் பார்க்காமல் இருக்க அனுமதிக்கவில்லை.

*

திரும்பிப் பார்ப்பதற்கு நம்மிடம் ஒரு பழைய சொல் இருக்கிறது: ஊருணி. ஒப்புரவைப் பற்றிப் பேசும் இடத்தில் வள்ளுவர் செல்வத்துக்கு உவமையாக நிறைந்த ஊருணியைக் கொண்டுவருகிறார். அது யாரோ ஒருவர் இரக்கப்பட்டுக் கொடுக்கும் தண்ணீர் இல்லை. ஊர் உண்ணும் நீர். ஜெனரேட்டர் அப்படி ஆக முடியுமா?

ஆகியிருக்கிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. வேறு மாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் மின் ஊழியர்கள் வந்து, வயல் சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். அப்படியும் சில கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கானது. அந்த நாட்களில் பல ஊர்களில் வாடகை ஜெனரேட்டரைக் கொண்டுவந்து மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்றினார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று காசு போட்டு டீசல் வாங்கினார்கள். விளக்குக்கு அல்ல, தண்ணீருக்கு. ஊர் கூடிப் பட்டியல் போட்டபோது அம்மா சொன்ன அதே மோட்டார்தான் முதலில் வந்தது.

ஆனால் பகிர்ந்தாலே அறம் என்றும் ஆகிவிடாது. பெய்ரூட்டில் தெருவுக்குத் தெரு பெரிய டீசல் ஜெனரேட்டர் உண்டு. அதன் உரிமையாளர் சுற்றியுள்ள வீடுகளுக்குக் கம்பி இழுத்து மின்சாரம் விற்பார். 'இஷ்திராக்' என்று அதற்குப் பெயர்; சந்தா என்று பொருள். 5 ஆம்பியர் வீடு, 10 ஆம்பியர் வீடு என்று குடும்பங்களுக்கே தரம் வந்துவிட்டது. உள்நாட்டுப் போர் காலத்தில் தற்காலிகமாக முளைத்த ஏற்பாடு, போர் 1990-ல் முடிந்தும் முடியவில்லை. 2021-ல் அரசு மின்சாரம் நாளுக்கு ஓரிரு மணி நேரமாகச் சுருங்கியபோது ஊரே அந்த உரிமையாளர்களின் கையில் இருந்தது. அரசு மின்சாரம் ஒழுங்காக வந்தால் இழப்பு யாருக்கு? அவர்களுக்குத்தான். தற்காலிக விடைக்கு ஒரு முதலாளி கிடைத்துவிட்டால் அது நிரந்தரமாகிவிடும்.

பணக் கணக்கும் இதையே சொல்கிறது. சின்ன ஜெனரேட்டரில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒன்றரை முதல் இரண்டு யூனிட் கிடைக்கும். லிட்டர் நூறு ரூபாய் என்றால் யூனிட் ஐம்பது ரூபாய்க்குக் குறையாது. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் நூறு யூனிட் இலவசம். ஒரு மாநிலம் சேர்ந்து செய்யும்போது கிட்டத்தட்ட ஒன்றுமில்லாத விலைக்குக் கிடைப்பது, தனியாகச் செய்யும்போது இந்த விலைக்கு வருகிறது. கரண்ட் போகும்போது ஒருமுறையாவது இந்த வித்தியாசத்தை நினைத்துப் பார்க்கலாம்.

*

எங்கள் அடுக்ககத்தில் கூட்டம் போட்டோம். மோட்டாருக்காகப் பொதுவில் ஒரு 3.5 கேவிஏ மெஷின் வாங்குவது, அதிலிருந்து ஒரு லைன் அப்பாவின் கான்சென்ட்ரேட்டருக்கு என்று யோசனை. இரண்டு வீடுகள் தங்களிடம் பெரிய இன்வெர்ட்டர் இருக்கிறது, காசு தர முடியாது என்றார்கள். அவர்களுக்கும் தண்ணீர் அதே தொட்டியிலிருந்துதான் என்று சொன்னதும் ஒருவர் சிரித்தார், ஒத்துக்கொண்டார். அது சின்னப் பிரச்சினை. பெரிய பிரச்சினை மெஷினை எங்கே வைப்பது என்பது. காலியாக இருந்த ஒரே இடம் தரைத்தளத்தின் பின்மூலை. அதற்கு நேராக ஒரு படுக்கையறை ஜன்னல். அந்த வீட்டில் இருப்பவர்கள் வாடகைக்கு வந்த இளம் குடும்பம், ஏழு மாதக் குழந்தை. சங்கத்தில் வாடகைதாரருக்கு ஓட்டு கிடையாது. அவர்களுடைய வீட்டு உரிமையாளர் வெளியூரிலிருந்து போனிலேயே சரி சொல்லிவிட்டார்.

அந்தப் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான். "அண்ணா, ராத்திரி பூரா ஓடுமா?"

அப்பாவின் மூச்சுக்காக ஓடும் மெஷின் அந்தக் குழந்தையின் ஜன்னலில் புகையை விடும். இரண்டுமே மூச்சு. இந்த இடத்தில் 'தேவை' என்ற வாதம் எனக்கு மட்டும் சொந்தமாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. எட்டில் ஏழு வீடு சம்மதித்தாலும் பயனில்லை. புகை பெரும்பான்மை பார்த்துப் போவதில்லை. யாருடைய ஜன்னலோ அவருடைய சொல்தான் கணக்கு. முதலில் ஒருவர் சொன்ன வழி, அவர்கள் வீட்டுக்கு ஒரு ஃபேனுக்கும் விளக்குக்கும் இலவசமாக லைன் கொடுத்துவிடலாம் என்பது. லைன் கொடுப்பது நல்லது. ஆனால் அதை நஷ்டஈடாகக் கொடுத்துச் சம்மதம் வாங்குவது வேறு. 'வேண்டாம்' என்று சொல்லும் இடம் இருக்கிறவரிடம் வாங்குவதுதான் சம்மதம். வீடு மாற வசதியில்லாதவரிடம் ஃபேனைக் காட்டி வாங்குவதற்கு வேறு பெயர் உண்டு.

கடைசியில் மெஷினை முன்பக்கம் கேட்டோரம் கொண்டுவந்தோம். அதற்காக ஒரு கார் தன் இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. கேபிள் நீளம் கூடியது. புகைக்குழாய் தெருவைப் பார்க்கிறது. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் மோட்டாருக்கு. அந்த நேரத்தில் எல்லா வீட்டுக்கும் போன் சார்ஜ் போடும் அளவுக்கு ஒரு பாயின்ட், வாடகை வீடு சொந்த வீடு என்ற பேதமில்லாமல். இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஓட்டுவதில்லை. அப்பாவுக்கு நான் இரண்டாவது பேட்டரி ஒன்றும், அதுவும் தீர்ந்தால் என்று ஒரு ஆக்சிஜன் சிலிண்டரும் வாங்கி வைத்தேன். அதுவும் போதாத ஒரு ராத்திரி வந்தால் கீழ்வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டு ஓட்டுவது என்று பேச்சு. அந்த இரண்டாவது பேட்டரியின் விலை எனக்குக் கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது. ஆனால் அது புதிதாக வந்த செலவு இல்லை. மெஷினைப் பின்மூலையில் வைத்திருந்தால் அதே செலவை அந்தக் குழந்தை செய்திருக்கும், நமக்குக் கணக்கு வராமல்.

இது பெரிய சமத்துவம் ஒன்றும் இல்லை. எங்கள் கேட்டுக்கு வெளியே தெரு இருக்கிறது, தெருவுக்கு அந்தப் பக்கம் ஓட்டு வீடுகள் இருக்கின்றன, அவர்களுக்கு எங்கள் மெஷின் வெறும் சத்தம். எட்டு வீடு சேர்ந்து வெளியேறினாலும் அது வெளியேற்றம்தான். ஹாஸ்டல் மாடியிலிருந்து பார்த்த கறுப்பு ஊர் இன்னும் அங்கேயே இருக்கிறது, நான்தான் கொஞ்சம் பெரிய கப்பலில் இருக்கிறேன்.

அதனால் மெஷினுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாளில், எதை எப்போது ஓட்டலாம் என்ற வரிகளுக்கு மேலே, முதல் வரியாக ஒன்றை எழுதி வைத்திருக்கிறோம். ஸ்டார்ட் செய்வதற்கு முன் மின்வாரியத்துக்குப் போன் செய்ய வேண்டும். நம் வீட்டுக்காக மட்டும் இல்லாமல், தெருவில் எதுவரை இருட்டாக இருக்கிறது, டிரான்ஸ்ஃபார்மரா ஃப்யூஸா கம்பி அறுந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். புகார் எண்ணை வாங்கித் தாளில் எழுத வேண்டும். இரண்டு மணி நேரத்தில் வரவில்லை என்றால் அடுத்த வீடு போன் செய்ய வேண்டும். அதற்கும் ஒரு முறை வைத்திருக்கிறோம். இருட்டில் இருப்பவரின் போனில் சார்ஜ் இருக்காது. சார்ஜ் இருப்பவர்தான் கூப்பிட முடியும்.

லைன்மேன் வந்து கம்பத்தடியில் நிற்கும்போது முதலில் மேலே பார்ப்பார், பிறகு எங்கள் கேட்டைப் பார்ப்பார். "இங்க ஜெனரேட்டர் இருக்கா சார், சேஞ்ச்ஓவர் போட்டிருக்கீங்களா?" என்று கேட்பார். போட்டிருக்கிறது என்று சொன்னாலும் நம்பி ஏறிவிட மாட்டார். வந்து சுவிட்சைத் தானே பார்த்துவிட்டுத்தான் போவார். அவர் அப்படிப் பார்ப்பதுதான் சரி.